இரவல் அந்தஸ்து: ஆங்கில நாவல் பெண்களும் பவுண்டுக் கணக்கும்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் ஒரு சாப்பாட்டுக் காட்சி வரும். பென்னட் வீட்டுக்கு முதன்முறையாக விருந்தாளியாக வந்திருக்கிறார் காலின்ஸ் என்கிற பாதிரியார். சாப்பாடு பிரமாதம். இந்த வீட்டுப் பெண்களில் யாருடைய கைப்பக்குவம் இது என்று ஆசையாகக் கேட்கிறார். மிஸஸ் பென்னட்டுக்குச் சுருக்கென்று தைக்கிறது. நல்ல சமையற்காரி வைத்துக்கொள்ளும் வசதி எங்களுக்கு இருக்கிறது, என் பெண்களுக்கு அடுப்படியில் ஒரு வேலையும் கிடையாது என்று வெடுக்கென்று சொல்கிறாள். காலின்ஸ் பதறிப்போய் மன்னிப்புக் கேட்கிறார். பரவாயில்லை என்று அவள் சொன்ன பிறகும் கால் மணி நேரம் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

கல்லூரி நாட்களில் படித்தபோது இந்தக் கோபம் எனக்குப் பிடிபடவே இல்லை. சமையலைப் பாராட்டினால் முகம் மலரத்தானே வேண்டும்? அப்புறம்தான் புரிந்தது. காலின்ஸ் பாராட்டாகக் கேட்டது, அந்த அம்மாளின் காதில் 'உங்கள் வீட்டில் சமைக்க ஆள் இல்லையா?' என்று விழுந்திருக்கிறது. ஆண்டுக்கு 2,000 பவுண்ட் வருமானமுள்ள நிலக்காரக் குடும்பம் அது. அந்த வீட்டுப் பெண் கரண்டி பிடிக்கிறாள் என்றால், குடும்பம் நொடித்துப்போயிருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஆரம்பத்திலிருந்தே அவ்வளவு பெரிய குடும்பமாக இருந்திருக்காது. இன்னொரு விஷயமும் உண்டு. மிஸஸ் பென்னட் பிறந்தது நிலக்காரக் குடும்பத்தில் இல்லை. அப்பா மெரிட்டன் என்ற சின்ன ஊரில் வக்கீல், சகோதரர் லண்டனில் வியாபாரி. கல்யாணத்தால் ஒரு படி ஏறி வந்தவள். ஏறி வந்தவர்களுக்குத்தான் படி எங்கே வழுக்கும் என்பது நன்றாகத் தெரியும்.

இந்த நாவல்களைக் காதல் கதைகளாகவே படித்துப் பழகிவிட்டோம். நடனம், மழை, கடிதம், மனஸ்தாபம், கடைசியில் கல்யாணம். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பவுண்ட் கணக்கு வருகிறதே, அது ஏன்? யாருக்கு எத்தனை ஆயிரம், யார் செத்தால் யாருக்குப் போகும், எத்தனை வேலையாட்கள், வண்டி உண்டா இல்லையா என்று நாவலாசிரியர் கணக்குப்பிள்ளையைப் போல எழுதிவைக்கிறார். பெண்ணின் கதையை எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு இல்லாமல் கதையே கிடையாது என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஆணின் அந்தஸ்து அவன் பெயரில், அவன் நிலத்தில், அவன் கையில் இருந்தது. பெண்ணுடையது இரவல். அப்பா இருக்கும்வரை அப்பாவுடையது, பிறகு அண்ணன் மனசு வைத்தால் அண்ணனுடையது, கல்யாணமானால் கணவனுடையது. கொடுத்தவர் எப்போது திருப்பிக் கேட்பார் என்பதுதான் கதையின் பதற்றம்.

முதலில் ஏணியைப் பார்த்துவிடலாம். அந்தக் காலத்து 'ஜென்டில்மேன்' என்பவர் நல்ல மனிதர் என்ற பொருளில் வருகிறவர் இல்லை. சம்பாதிக்க வேலை செய்யத் தேவையில்லாதவர் என்று பொருள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, வரும் வாடகையில் வாழ்கிறவர். மூத்த மகனுக்கு நிலம் போய்விடுவதால் இளைய மகன்களுக்குச் சில தொழில்கள் கௌரவமாக அனுமதிக்கப்பட்டன: திருச்சபை, ராணுவம், கடற்படை, உயர் நீதிமன்றங்களில் வாதாடும் வழக்கறிஞர் பணி. சின்ன ஊர் வக்கீல் அதற்கும் கீழே. கடைக்காரரும் மொத்த வியாபாரியும், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் இன்னும் கீழே.

பணம் கீழே இருந்து மேலே வரலாம், ஆனால் வழியில் நிலமாக மாற வேண்டும். அதே நாவலில் வரும் பணக்கார இளைஞன் பிங்லியின் அப்பா ஏறக்குறைய 1,00,000 பவுண்ட் விட்டுச் சென்றவர். எஸ்டேட் வாங்க நினைத்தார், வாங்குவதற்குள் இறந்துவிட்டார். அதனால் மகன் வாடகை வீட்டில் இருக்கிறான். பிங்லியின் சகோதரிகளுக்கு ஆளுக்கு 20,000 பவுண்ட். தாங்கள் வடக்கே கௌரவமான குடும்பத்தில் பிறந்தவர்கள் என்பது அவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்திருந்ததாம். தங்கள் சொத்து வியாபாரத்தில் வந்தது என்பது அவ்வளவாகப் பதியவில்லையாம். ஆஸ்டினின் கிண்டல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கதாநாயகி எலிசபெத் பென்னட்டின் மாமா லண்டனில் சீப்சைட் என்ற வியாபாரப் பகுதிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார் என்று விழுந்து விழுந்து சிரிப்பவர்களும் இதே சகோதரிகள்தான்.

பட்டங்களிலும் நுணுக்கம் உண்டு. கதையில் இரண்டு 'லேடி'கள் வருகிறார்கள். லேடி லூக்கஸின் கணவர் முன்பு மெரிட்டனில் வியாபாரம் செய்தவர். ஊர்த் தலைவராக இருந்தபோது அரசரிடம் ஒரு வாழ்த்துரை வாசித்து 'சர்' பட்டம் வாங்கினார். பட்டம் கணவருடையது என்பதால் அவள் குடும்பப் பெயரோடு 'லேடி லூக்கஸ்'. கதாநாயகன் டார்சியின் பெரியம்மாவோ 'லேடி கேத்தரின்'. சொந்தப் பெயருக்கு முன்னால் பட்டம் வருகிறது, ஏனென்றால் அவள் ஒரு ஏர்ல் பிரபுவின் மகள். கணவர் வெறும் 'சர்'தான், இருந்தாலும் பிறந்த வீட்டுப் பட்டத்தை அவள் விடவில்லை. அன்றைய வாசகர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. பெயரைச் சொன்னவுடனேயே ஏணியில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும்.

டார்சிக்கு எந்தப் பட்டமும் கிடையாது. ஆண்டுக்கு 10,000 பவுண்ட் இருந்தது.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கலாம். இந்த நாவல்களில் ஆணின் பணத்தை 'ஆண்டுக்கு இவ்வளவு' என்று சொல்வார்கள். பெண்ணின் பணத்தை மொத்தத் தொகையாகச் சொல்வார்கள். டார்சி என்றால் ஆண்டுக்கு 10,000. அவன் தங்கை ஜார்ஜியானா என்றால் 30,000, அவ்வளவுதான். அவனுடையது நிலம், அது ஆண்டுதோறும் விளையும். அவளுடையது அவளோடு சேர்த்து இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிற ரொக்கம். அந்த ரொக்கத்தை அரசுப் பத்திரங்களில் போட்டால் நூற்றுக்கு நான்கு, ஐந்து பவுண்ட் வட்டி வரும். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் நாவலில் பாதி உரையாடல்கள் வேறு மாதிரி கேட்கும்.

காலின்ஸ் எலிசபெத்திடம் கல்யாணம் பேச வரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். உனக்கு வரப்போவது நான்கு சதவீதப் பத்திரத்தில் 1,000 பவுண்ட், அதுவும் உன் அம்மா இறந்த பிறகுதான், கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேசமாட்டேன் என்கிறார். பெருந்தன்மையாம். ஆண்டுக்கு 40 பவுண்ட் என்று எலிசபெத்தின் முழு வாழ்க்கையையும் விலை எழுதி அட்டையில் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. அவள் சிரித்து மறுத்துவிடுகிறாள். மூன்றே நாளில் அவளுடைய தோழி ஷார்லட் லூக்கஸ் அதே காலின்ஸுக்குச் சம்மதம் சொல்கிறாள். ஷார்லட்டுக்கு வயது 27, அழகி இல்லை, சொத்து இல்லை. எலிசபெத்துக்கு அதிர்ச்சி. வாசகர்களுக்கும் அப்படித்தான், முதல் தடவை படிக்கும்போது. வயதான பிறகு படித்தால் ஷார்லட்டின் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். தனக்கென்று ஒரு வீடு, ஒரு அறை, கணவனைத் தோட்ட வேலைக்கு உற்சாகப்படுத்தி வெளியே அனுப்பிவிடும் சாமர்த்தியம். அவள் வாங்கியது அதைத்தான்.

பென்னட் குடும்பம் ஏன் இந்த நிலையில் இருக்கிறது? எஸ்டேட் ஆண் வாரிசுக்கு மட்டுமே போக வேண்டும் என்று முன்னோர் எழுதி வைத்துவிட்டார்கள். நிலம் துண்டாகாமல், பெயர் அழியாமல் இருக்கப் பெரிய குடும்பங்கள் தலைமுறைதோறும் செய்துகொண்ட ஏற்பாடு இது. மகன் பிறந்து, வயதுக்கு வந்ததும் அவனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அந்தக் கட்டை அவிழ்க்கலாம். அந்த மகன் வருவான் வருவான் என்றே மிஸ்டர் பென்னட் ஒரு காசும் சேமிக்கவில்லை. வந்தது ஐந்தும் பெண். மனிதர் புத்தக அறைக்குள் உட்கார்ந்து நகைச்சுவையாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பெண்களுக்கு மாப்பிள்ளை தேடி அலையும் மிஸஸ் பென்னட்டைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அந்த வீட்டில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று சொன்னால் ஆஸ்டின் பிரியர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பணக் கணக்கை ஆஸ்டின் இதைவிட அப்பட்டமாகக் காட்டும் இடம் வேறொன்று இருக்கிறது. 1811இல் வெளியான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் இரண்டாம் அத்தியாயம். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் போட்டு வந்த நாவல்.

மிஸ்டர் டாஷ்வுட் சாகும் தறுவாயில், முதல் தாரத்து மகன் ஜானைக் கூப்பிட்டு, சித்தியையும் மூன்று தங்கைகளையும் கவனித்துக்கொள் என்று வாக்கு வாங்குகிறார். ஜான் கல்நெஞ்சக்காரன் இல்லை. தங்கைக்கு ஆளுக்கு 1,000 வீதம் 3,000 பவுண்ட் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, தன் தாராளத்தை நினைத்துத் தானே பூரித்துப்போகிறான். அப்புறம் மனைவி ஃபேனி பேச ஆரம்பிக்கிறாள். நம் பிள்ளை ஹாரியின் பணம் அல்லவா? அப்பா மட்டும் ஒன்று, அம்மா வேறு. இதெல்லாம் ஒரு உறவா? சரி, ஆளுக்கு 500 என்று இறங்குகிறான். அதுவும் அதிகம்தான் என்று பட, சித்திக்கு மட்டும் ஆண்டுக்கு 100 கொடுக்கலாமா என்று யோசிக்கிறான். ஐயோ, ஆண்டுத்தொகை என்று ஒன்று வந்துகொண்டிருந்தால் வாங்குகிறவர்கள் சாகவே மாட்டார்கள் என்கிறாள் ஃபேனி. அந்த அம்மாள் இன்னும் பதினைந்து வருஷம் இருந்துவிட்டால் நாம் ஏமாந்துபோவோம். தன் அப்பா உயிலில் எழுதிவைத்ததால், வயதான மூன்று வேலைக்காரர்களுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்துத் தன் அம்மா பட்ட பாட்டை உதாரணம் சொல்கிறாள். சரி, அவ்வப்போது 50 பவுண்ட் அன்பளிப்பு? அதுகூட வேண்டாம். உங்கள் அப்பா பண உதவியை நினைத்தே சொல்லியிருக்கமாட்டார். வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான் ஏற்ற ஒத்தாசை செய்வது, பருவத்துக்கு மீனும் வேட்டைக்கறியும் அனுப்புவது, இவ்வளவுதான் அவர் மனதில் இருந்திருக்கும்.

3,000 பவுண்ட் ஒரே அத்தியாயத்தில் மீனாகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் ஜான் நியாயமாகவே நடந்துகொள்வதாக நினைக்கிறான். யாரும் கத்தவில்லை, யாரும் கெட்டவர்கள் மாதிரிப் பேசவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே 10,000 இருக்கிறது, ஆண்டுக்கு 500 வரும், நான்கு பெண்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும், வண்டி கிடையாது, குதிரை கிடையாது, வேலைக்காரர்கள் அதிகம் வேண்டாம், விருந்தாளிகள் வரமாட்டார்கள், செலவே இருக்காதே என்கிறாள் ஃபேனி. உண்மையில் அவர்கள்தான் உங்களுக்கு ஏதாவது கொடுக்கிற நிலையில் இருப்பார்கள் என்கிறாள். அதோடு நிற்கவில்லை. அவர்கள் எடுத்துப்போகும் காலை உணவுப் பீங்கான் செட் இந்த வீட்டில் இருப்பதைவிட அழகு, அவர்கள் போகிற இடத்துக்கு அது அதிகம் என்றும் அவளுக்கு ஆற்றாமை. ஃபேனியைப் பொறுத்தவரை அந்தப் பெண்கள் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை, ஆனால் ஏணியில் நான்கு படி இறங்கிவிட்டார்கள்.

2000இல் ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இந்த நாவலின் தழுவல்தான். செட்டிநாட்டுப் பெரிய வீட்டை விட்டு அம்மாவும் பெண்களும் சென்னைக்குக் கிளம்பும் இடம் நமக்கு எந்த விளக்கமும் இல்லாமலே புரிந்தது.

ஆஸ்டினுக்கு இதெல்லாம் கேள்வி ஞானம் இல்லை. 1802இல் ஹாரிஸ் பிக்-விதர் என்ற எஸ்டேட் வாரிசு பெண் கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் முடியாது என்று மாற்றிக்கொண்டவர். 1805இல் அப்பா இறந்தார். அம்மாவும் இரண்டு பெண்களும் சகோதரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்ட பணத்தில் ஊர் ஊராக இடம் மாறினார்கள். பணக்கார உறவினருக்குத் தத்துப்போயிருந்த அண்ணன் எட்வர்ட், 1809இல் சாட்டன் கிராமத்தில் ஒரு வீடு கொடுத்த பிறகுதான் நிலையாக உட்கார்ந்து எழுத முடிந்தது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் முழு உரிமையையும் 110 பவுண்டுக்கு விற்றார். 150 கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

பெண்களுக்குள்ளேயே படிநிலையைக் கல்யாணம் எப்படிக் கலைத்துப் போடுகிறது என்பதை ஒரே வரியில் காட்டுகிறாள் லிடியா பென்னட். ஐந்து சகோதரிகளில் கடைக்குட்டி. வயது 16. விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிப்போய், டார்சி பணம் கொடுத்துக் கல்யாணம் நடந்து, வீட்டுக்கு வருகிறாள். சாப்பாட்டு அறைக்குள் போகும்போது மூத்தவள் ஜேனைப் பார்த்து, இனி உன் இடம் எனக்கு, நீ கீழே போ, நான் கல்யாணமானவள் என்கிறாள். அதுவரை அம்மாவின் வலப்பக்கம் ஜேனுக்கு உரியது. 'மிஸ் பென்னட்' என்று மொட்டையாகச் சொன்னால் மூத்தவளை மட்டும்தான் குறிக்கும். மற்றவர்களுக்கு 'மிஸ் எலிசபெத்', 'மிஸ் லிடியா' என்று பெயரும் சேர வேண்டும். ஊர் சிரித்த கல்யாணமாக இருந்தாலும் கல்யாணம் கல்யாணம்தான். வரிசை மாறிவிட்டது.

கல்யாணமே ஆகாதவள் என்ன ஆவாள்? அதற்கு ஆஸ்டினின் 'எம்மா' நாவலில் இரண்டு பதில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. எம்மா வுட்ஹவுஸுக்கு 30,000 பவுண்ட். தனக்குக் கல்யாணம் தேவையில்லை என்கிறாள். கல்யாணமாகாத பெண்ணை உலகம் ஏளனம் செய்வது வறுமையால்தான், பணம் இருந்தால் அவளும் மற்றவர்களைப் போல மதிப்பாக இருக்கலாம் என்று சரியாகவே கணிக்கிறாள். அந்த ஏளனத்துக்கு அவள் காட்டும் உதாரணம் மிஸ் பேட்ஸ். முன்னாள் பாதிரியாரின் மகள், வயதான அம்மாவோடு ஒரு வீட்டின் மாடி அறைகளில் குடியிருக்கிறாள், யாராவது ஒரு கூடை ஆப்பிள் அனுப்பினால் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவாள்.

பாக்ஸ் ஹில் குன்றுக்கு எல்லோரும் உல்லாசப் பயணம் போகிறார்கள். பொழுது போகவில்லை. ஒவ்வொருவரும் புத்திசாலித்தனமாக ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் சுமாராக இரண்டு, அதுவும் முடியாவிட்டால் அசட்டுத்தனமாக மூன்று என்று விளையாட்டு. வாயைத் திறந்தால் மூன்று அசட்டு வார்த்தை வந்துவிடும், எனக்கென்ன கஷ்டம் என்கிறாள் மிஸ் பேட்ஸ், சிரித்துக்கொண்டே. கஷ்டம் இருக்கிறதே, ஒரே தடவையில் மூன்றுக்குமேல் சொல்லக்கூடாதே என்கிறாள் எம்மா. மிஸ் பேட்ஸுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் லேசாகச் சிவக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

பிறகு குடும்ப நண்பன் நைட்லி தனியாக வந்து எம்மாவைக் கண்டிக்கிறான். அவன் சொல்வதைக் கூர்ந்து படித்தால் அது நல்லொழுக்கப் பாடம் மாதிரி இல்லை, கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறது. அவள் பணக்காரியாக இருந்தால் நீ கிண்டல் செய்ததைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உன் நிலையில் இருந்தால் வேறு. ஆனால் அவள் ஏழை. பிறந்த வசதியிலிருந்து இறங்கிவிட்டாள். வயதாக ஆக இன்னும் இறங்குவாள். நீ குழந்தையாக இருந்தபோது அவள் உன்னைக் கவனித்துப் பேசியதே உனக்குக் கௌரவமாக இருந்தது என்கிறான். ஒரே ஊர், அதே இரண்டு பெண்கள், இருபது வருஷத்துக்குள் யாருக்கு யார் கௌரவம் கொடுப்பது என்பது தலைகீழாகிவிட்டது. இடையில் மிஸ் பேட்ஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளுடைய அப்பா இறந்தார், அவ்வளவுதான்.

இறங்குகிற பெண் பிடித்துக்கொள்ளக் கிடைத்த ஒரே கிளை கவர்னஸ் வேலை. பணக்கார வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. சீமாட்டி மாதிரிப் படித்திருக்க வேண்டும், பேச வேண்டும், பியானோ வாசிக்க வேண்டும், ஆனால் சம்பளம் வாங்க வேண்டும். சம்பளம் வாங்கினால் சீமாட்டி இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க யாராலும் முடியவில்லை. மேஜையில் முதலாளியோடு உட்கார வைப்பதா, கீழே வேலைக்காரர்களோடா? வேலைக்காரர்களும் அவளைத் தங்களில் ஒருத்தியாக நினைப்பதில்லை. 'எம்மா'வில் இந்த வேலைக்குப் போகவிருக்கும் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ், வேலை தேடித் தரும் அலுவலகங்களைப் பற்றிப் பேசும்போது அடிமை வியாபாரத்தோடு ஒப்பிடுகிறாள். அங்கே உடலை விற்கிறார்கள், இங்கே மூளையை.

ஷார்லட் பிராண்ட்டி இந்த வேலையைச் செய்தே பார்த்தவர். 1841இல் ஒரு வீட்டில் சேர்ந்தபோது சம்பளம் பெயருக்கு 20 பவுண்ட். துணி வெளுக்கும் செலவைப் பிடித்துக்கொண்ட பிறகு கைக்கு வந்தது 16. ஆண்டுக்கு! 1847இல் கரர் பெல் என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட 'ஜேன் அயர்' நாவலில், கதாநாயகிக்குக் கொஞ்சம் தாராளமாக 30 பவுண்ட் கொடுத்திருக்கிறார். படித்த பள்ளியிலேயே ஆசிரியையாக இருந்தபோது வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு.

ஜேன் வேலை பார்க்கும் தார்ன்ஃபீல்ட் மாளிகையில் விருந்து நடக்கும் மாலைகளில் அவளும் கூடத்தில் இருக்க வேண்டும் என்பது முதலாளி ரோசெஸ்டரின் உத்தரவு. அவள் ஜன்னலோரம், திரைச்சீலை பாதி மறைக்கும் இடத்தில் உட்கார்ந்து கைவேலை செய்கிறாள். விருந்தாளிகளான பிளாஞ்ச் இங்க்ரமும் அவள் அம்மாவும், தங்கள் வீட்டுக்கு வந்த கவர்னஸ்கள் எப்படிப்பட்ட தொல்லைகள் என்று அவள் காதுபடவே பேசுகிறார்கள். பாதிப் பேர் வெறுக்கத்தக்கவர்கள், மீதிப் பேர் கேலிக்குரியவர்கள் என்கிறாள் பிளாஞ்ச். காதில் விழுமே என்று யாரோ சொன்னதற்கு அம்மாக்காரி, விழட்டும், நல்லதுதான் என்கிறாள். அறையில் நாற்காலி இருக்கிறது, அதில் ஆள் இருக்கிறாள், ஆனால் அவள் ஆள் கணக்கில் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 1848 டிசம்பரில், 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் எலிசபெத் ரிக்பி இந்த நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டார். அதே கட்டுரையில் கவர்னஸ் என்பவள் யார் என்பதற்கு அவர் தரும் விளக்கம் கச்சிதம்: பிறப்பிலும் நடத்தையிலும் கல்வியிலும் நமக்குச் சமம், பணத்தில் மட்டும் நமக்குக் கீழ். அதாவது, ஒரு வங்கி திவாலானால் 'நாம்' அவளாகிவிடுவோம். அந்தப் பயம்தான் பிளாஞ்ச் வீட்டாரின் வாயில் ஏளனமாக வருகிறது என்று நினைக்கிறேன்.

ஜேனுக்குக் கடைசியில் மடீராவில் வாழ்ந்த சித்தப்பாவின் 20,000 பவுண்ட் வருகிறது. மூன்று உறவினர்களோடு பங்கிட்டு ஆளுக்கு 5,000 என்று எடுத்துக்கொள்கிறாள். நான் யாரையும் நம்பி இல்லை என்று ரோசெஸ்டரிடம் போய்ச் சொல்ல முடிவது அந்த 5,000 இருப்பதால்தான். ஆனால் அதே மாளிகையின் மாடியில் இன்னொரு பெண்ணின் பணக் கதை பூட்டிக் கிடக்கிறது. ரோசெஸ்டர் அங்கே அடைத்துவைத்திருக்கும் முதல் மனைவி, ஜமைக்காவிலிருந்து வந்த பெர்த்தா, 30,000 பவுண்ட் சீதனத்தோடு ரோசெஸ்டருக்குக் கட்டிவைக்கப்பட்டவள். இளைய மகனுக்கு நிலம் தர மனமில்லாத ரோசெஸ்டரின் அப்பா செய்த ஏற்பாடு. அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனி இருப்பு கிடையாது. தனி ஒப்பந்தம் எழுதி வைக்காவிட்டால் அவளுடைய ரொக்கமும் சம்பாத்தியமும் கணவனுடையவை. பெர்த்தாவின் பணம் வீட்டில் புழங்கியது, அவள் மாடியில் இருந்தாள். ஜேன் கல்யாணம் செய்துகொண்டேன் என்று வாசகரிடம் அறிவிக்கும் அந்தப் பிரபலமான வரியோடு, அவளுடைய 5,000மும் சட்டப்படி எங்கே போயிருக்கும் என்று நாவல் நமக்குச் சொல்வதில்லை.

மனைவி தன் சம்பளத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் 1870இல்தான் வந்தது. சொத்தும் அவளுடையதே என்பது 1882இல். நாவலாசிரியர் எலிசபெத் காஸ்கெல் 1850இல் ஒரு கதைக்கு 20 பவுண்ட் வாங்கியபோது, கணவர் வில்லியம் அதை நிதானமாகத் தன் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார் என்று கடிதத்தில் எழுதினார். வில்லியம் கொடுமைக்காரர் இல்லை, நல்ல மனிதர்தான். அதுதான் சட்டம். கல்யாணமான பெண்களின் சொத்துரிமைக்காக 1856இல் நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் காஸ்கெல் கையெழுத்திட்டார்.

ஆண் எழுத்தாளர்களும் இந்தப் பக்கம் வராமல் இல்லை. தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில் பெக்கி ஷார்ப், ஆண்டுக்கு 5,000 பவுண்ட் இருந்தால் நானும் நல்லவளாக இருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறாள். அதைத் தப்பென்று சொல்ல தாக்கரேக்கே மனம் வரவில்லை. ஹார்டியின் 'டெஸ்' (1891) இன்னும் கசப்பு. டெஸ்ஸின் அப்பா பழைய டர்பர்வில் பிரபு வம்சம் என்று ஒரு பாதிரியார் போகிற போக்கில் சொல்லிவிட, உறவு கொண்டாட டெஸ்ஸை அனுப்புகிறார்கள். அங்கே இருப்பவர்கள் வியாபாரத்தில் பணம் சேர்த்து, அந்தப் பெயரைப் புத்தகத்தில் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டவர்கள். பெயர் அவர்களிடம், ரத்தம் இவளிடம். இவள் கோழி மேய்க்கிறாள்.

வேலைக்காரப் பெண்களைப் பற்றி இந்த நாவல்கள் பெரும்பாலும் பேசுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், பிங்லியின் நெதர்ஃபீல்ட் வீட்டு நடனத்துக்கு முன் நாலைந்து நாள் விடாத மழை. பென்னட் பெண்கள் வெளியே போக முடியவில்லை. காலணியில் வைக்கும் ரோஜாப் பூ அலங்காரத்தைக்கூட ஆள் விட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது என்று ஆஸ்டின் ஒரு வரி எழுதுகிறார். மழையில் நனைந்து போய் வாங்கி வந்தது யார்? பெயர் இல்லை.

அடுப்படியில் தொடங்கியதால் அடுப்படிக்கே திரும்பலாம். காஸ்கெலின் 'கிரான்ஃபோர்ட்', 1851 முதல் 1853 வரை பத்திரிகையில் துண்டு துண்டாக வந்தது. கிட்டத்தட்ட பெண்கள் மட்டுமே வாழும் சின்ன ஊர். விதவைகள், கல்யாணமாகாதவர்கள். எல்லோரும் நல்ல குடும்பம், எல்லோரும் இல்லாதவர்கள், அதை யாரும் வெளியே சொல்வதில்லை. பாதிரியார் மகள் மிஸ் மாட்டி வீட்டில் இரண்டு மெழுகுவர்த்தி இருக்கும், ஒன்றுதான் எரியும். அதுவும் கொஞ்சம் எரிந்ததும் அணைத்துவிட்டு மற்றதை ஏற்றுவார்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால், திடீரென்று யாராவது வந்தால் இரண்டையும் ஏற்றிவைத்து, எப்போதும் இரண்டு எரிகிற வீடு போலக் காட்டிக்கொள்ளலாமே! மிஸஸ் ஃபாரஸ்டர் வீட்டு விருந்தில், என்ன கேக் வருகிறது என்றே தனக்குத் தெரியாத பாவனையில் வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கிறாள். காலை முழுக்க அடுப்படியில் நின்று அந்தக் கேக்கைச் செய்தது அவள்தான். அது அவளுக்குத் தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும், அவர்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். மிஸஸ் பென்னட் இருந்திருந்தால் அந்த ஊரில் பொருந்திப் போயிருப்பாள்.

பிறகு வங்கி முறிகிறது. மிஸ் மாட்டியின் ஆண்டு வருமானத்தில் 149 பவுண்ட் 13 ஷில்லிங் 4 பென்ஸ் போய்விடுகிறது. மிச்சம் 13 பவுண்ட். என்ன செய்வது? பாடம் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் படிப்பில்லை. தேயிலை விற்கலாம் என்று ஒரு யோசனை. பாதிரியார் மகள் கடை வைப்பதா? வீட்டின் முன்னறையைக் கடையாக்குகிறார்கள், கண்ணை உறுத்தும் எதுவும் தெரியாமல். தேயிலை விற்க உரிமம் பெற்றவர் மட்டில்டா ஜென்கின்ஸ் என்று மிஸ் மாட்டியின் முழுப் பெயரில் ஒரு குட்டிப் பலகை, அதுவும் புதுக் கதவின் மேல்விட்டத்துக்கு அடியில், தேடினால்தான் தெரியும். தொடங்குவதற்கு முன் மிஸ் மாட்டி ஊர்க் கடைக்காரரிடம் போய், உங்கள் வியாபாரம் கெட்டுவிடாதே என்று கேட்டுவிட்டு வருகிறாள். அவரும் நல்ல தேயிலை வேண்டுமென்றால் மிஸ் மாட்டியிடம் போங்கள் என்று தன் வாடிக்கையாளர்களை அனுப்பிவைக்கிறார்.

ஊருக்குள் ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கடை வைத்தவளை இனிமேல் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா? இதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பிரபு குடும்பத்து மருமகள் மிஸஸ் ஜேமிசனிடம் இருக்கிறது. அவள் நாள் எடுத்துக்கொண்டு யோசித்துத் தீர்ப்புச் சொல்கிறாள். கல்யாணமான பெண்ணுக்குக் கணவனின் அந்தஸ்து. கல்யாணமாகாதவளுக்கு அப்பாவின் அந்தஸ்து அப்படியே தொடரும். எனவே மிஸ் மாட்டி என்ன விற்றாலும் பாதிரியார் மகள்தான், போய்ப் பார்க்கலாம். அதே சட்டத்தின்படி லேடி கிளென்மைர் காலி. பிரபுவின் விதவையான அவள், ஊர் வைத்தியர் ஹாகின்ஸை மனம் விரும்பிக் கட்டிக்கொண்டு வெறும் மிஸஸ் ஹாகின்ஸ் ஆகிவிட்டாள். இனி அவள் யாரோ.

மிஸ் மாட்டியைப் பார்க்க ஊருக்கு அனுமதி கிடைத்தது. மிஸஸ் ஹாகின்ஸையும் பார்க்கத்தான் போகிறோம், அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், என்று ஊர்ப் பெண்கள் தங்களுக்குள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்.